போன் சட்டை

சிவப்பு பல்பு எரிந்தால் மெஷின் ஓடக் கூடாது. அந்த வீட்டின் சட்டம் அது. முன்னறையில் இரண்டு தையல் மெஷின், துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஒரு ஓவர்லாக் மெஷின், நடுவே துணி வெட்டுகிற மேஜை. பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் டெய்லரக்காவின் வீட்டுக்காரர் போனைப் பார்த்துப் பேசுகிற அறை. பல்பு தடுப்புக்கு மேலே இருந்தது. அவர் உள்ளே சுவிட்சைத் தட்டியதும் இங்கே மூன்று பெண்களும் பெடலிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். ஓடுகிற மெஷினைப் பாதித் தையலில் நிறுத்தினால் நூல் அறும், மறுபடி கோக்க வேண்டும், தையல் கோணிக்கொள்ளும். இதையெல்லாம் பல்பிடம் போய்ச் சொல்ல முடியுமா?

அதனால் பல்பு எரியும் நேரத்துக்கென்று டெய்லரக்கா கைவேலைகளை ஒதுக்கி வைத்திருந்தாள். பட்டன் கட்டுவது, பிசிறு வெட்டுவது, காலர் முனையை ஊசியால் நெம்பிக் கூராக்குவது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிற சமயம். மேஜை மேல் வெள்ளைச் சட்டைகள் குவிந்து கிடந்தன. கூரையிலிருந்து வெக்கை இறங்கியது. மின்விசிறியும் சத்தம்தானே, அதையும் நிறுத்தியாக வேண்டும். வேர்வை துணியில் விழுந்துவிடாமல் இருக்க மூன்று பேரும் கழுத்தில் ஆளுக்கொரு துண்டைப் போட்டுக்கொண்டு, தடுப்புக்கு அந்தப் பக்கத்துப் பேச்சைக் கேட்டபடி பட்டன் கட்டினார்கள்.

"ஒரு வீட்டுக்கு ஒரு தலைதான் இருக்கணும். ரெண்டு தலை இருந்தா அது குடும்பம் இல்ல, பாம்பு. பொம்பள சம்பாதிக்கக் கிளம்பிட்டா சோத்துக்கு உப்பு போடறது யாரு?"

காஜாக்காரி வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். பட்டன் துளை எடுக்கிற வேலை அவளுடையது. கல்யாணமாகி அதிக நாள் ஆகாதவள், சிரிப்பு சீக்கிரம் வந்துவிடும். "அக்கா, காலையில சோத்துக்கு உப்பு போட்டீங்கல்ல?" என்று கிசுகிசுத்தாள்.

"போட்டேன். ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு."

"அப்ப யாரோட வீட்டு உப்பப் பத்திப் பேசறாரு?"

"ஊரு வீட்டு உப்பு" என்றாள் ஓவர்லாக்கம்மா. அவளுக்கு மெதுவாகப் பேச வராது. உள்ளிருந்து அவர் தடுப்பை ஒரு தட்டுத் தட்டினார். மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

போனில் அவர் வீடியோ போடுகிற பக்கத்துக்கு 'வீட்டுக்காரர் பேசுறேன்' என்று பெயர். பார்க்கிறவர்களுக்கெல்லாம் அவர் வீட்டுக்காரர்தான், கடைசியில் இந்த வீட்டிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. வீடோ வாடகை வீடு. வாடகை போவது இந்த மெஷின்களிலிருந்து. அது தெரிந்தவர்கள் மூன்று பெண்கள், ஒரு மகள், ஒரு மச்சினன்.

அவர் முன்னால் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனையாளர். வாயால் வாழ்ந்தவர். கல்லைக் காட்டிக் கண்ணாடி என்று விற்றுவிடுவார், வாங்கினவனும் சந்தோஷமாகப் போவான். அங்கே புதிதாக ஒரு பெண் மேலாளராக வந்தாள். ஒரு நாள் வாடிக்கையாளர்களுக்கு முன்னால், உடைந்த டைல்ஸை நீங்களே பெருக்கி அள்ளுங்கள் என்று சொன்னாள். துடைப்பத்தை அங்கேயே எறிந்துவிட்டு வந்தவர்தான். அதற்கப்புறம் சில மாதம் வீட்டில் இருந்தார். அந்த மாதங்களை டெய்லரக்கா நல்ல காலம் என்றுதான் நினைத்து வைத்திருக்கிறாள். சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தார். அவர் போட்ட மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். ஒரு மத்தியானம் வெட்டும் மேஜை மேல் ஏறி உட்கார்ந்து, போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அந்த மேலாளரைப் பற்றிப் பேசினார். பேசப் பேச அழுதுவிட்டார். டெய்லரக்கா எழுந்து போய் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அவளுடைய தம்பி போன் பழுது பார்க்கிற கடையில் வேலை பார்த்தவன். அவன்தான் அந்தப் பேச்சை வாங்கி அழுகையை வெட்டி எடுத்தான். "அழுதா ஆம்பளைங்க பாக்கமாட்டாங்க மாமா. கோவம் மட்டும் போதும்." அழுகை போன பிறகு மிச்சமிருந்தது வெறும் வசவு. அது ஒரே வாரத்தில் ஊரெல்லாம் பரவியது.

டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். பைக்கில் போகிறவர்கள் நிறுத்திக் கைகொடுத்தார்கள். மனதில் இருக்கிறதை அப்படியே சொல்கிறீர்கள் என்றார்கள். மனதில் அவ்வளவு இருந்ததா என்று டெய்லரக்காவுக்கே ஆச்சரியம். தினமும் ஒன்று பேச வேண்டியிருந்தது. கோபம் தினமும் ஊறுகிற சரக்கு இல்லையே, அதனால் வெளியிலிருந்து எடுத்து வந்தார்கள். பஸ் ஓட்டுகிற பெண், பெயருக்கு முன்னால் பட்டம் போட்டுக்கொள்கிற பெண், புருஷனை விட்டுப் போன பெண். ஒரு தடவை, ஆஸ்பத்திரியில் தன்னைக் காக்க வைத்ததாக ஒரு நர்ஸின் படத்தையே போட்டுவிட்டார். அந்த நர்ஸ் போன் நம்பரை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டதாகத் தம்பி சிரித்துக்கொண்டே வந்து சொன்னான். அன்று டெய்லரக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பல்பு எரியும்போது பட்டன் கட்டியவள் தானும்தானே என்று அவளுக்கு நெஞ்சு குத்தியது.

நீலச் சட்டை வந்தது இதற்கிடையில்தான். ஒரே நீலத்தில் அவருக்கு ஆறு சட்டை தைத்துக் கொடுத்தாள். அது அவருடைய அடையாளமாகி, பார்க்கிறவர்களும் நீலச் சட்டை போட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் எவனோ ஒரு வேலையற்றவன், அவருடைய படத்தில் பட்டன் பக்கத்தைப் பெரிதாக்கி, 'வீட்டுக்காரர் போட்டிருப்பது வீட்டுக்காரி சட்டை' என்று எழுதிப் போட்டுவிட்டான்.

வீட்டுக்காரர் தடுப்பைத் தாண்டி வந்த வேகத்தில் காஜாக்காரியின் பட்டன் டப்பா கவிழ்ந்தது.

"என்ன தச்சிருக்கே நீ? ஊரே சிரிக்குது!"

டெய்லரக்கா போனை வாங்கிப் பார்த்தாள். ஆண் சட்டையில் பட்டன் வலப்பக்கம் வரும், பெண் சட்டையில் இடப்பக்கம். படத்தில் இருந்தது பெண் சட்டை. உடம்பில் இருந்ததோ சரியான ஆண் சட்டை.

"தையல்ல தப்பில்லீங்க. உங்க மூஞ்ச பாத்துக்கிட்டே பேசறீங்கல்ல, அந்தப் பக்கத்து கேமரா கண்ணாடி மாதிரி. இடம் வலமாத் தெரியுது. உங்க பேரு போர்ட பின்னால மாட்டினப்ப எழுத்தெல்லாம் திரும்பித் தெரிஞ்சுதே, அதே கததான்."

"அதுக்காக போர்ட எடுத்தோம். இப்ப என்ன, சட்டைய கழட்டிட்டுப் பேசச் சொல்றியா?"

"பின்பக்கத்து கேமராவுல எடுத்தா சரியாயிடும்."

"என் மூஞ்சி எனக்குத் தெரியலன்னா எனக்குப் பேச்சு வராது. அதெல்லாம் வேணாம். நீ மாத்தித் தை."

"மாத்தின்னா?"

"பட்டன அந்தப் பக்கம் வை. பாக்கெட்டையும் வை. போன்ல பாத்தா ஆம்பளச் சட்டையா இருக்கணும், அவ்வளவுதான்."

எத்தனையோ விதமான உடம்புக்குத் தைத்திருக்கிறாள், பொய்க்கு அளவெடுத்துத் தைத்தது அதுதான் முதல் தடவை. கை மறுத்தது. வெட்டும்போது இரண்டு தடவை தப்பான பக்கமே வெட்டினாள், அதாவது சரியான பக்கம். கடைசியில் இன்னும் ஆறு நீலச் சட்டை தயாரானது. துணி மாட்டுகிற கம்பியில் இடது பாதி ரோட்டுச் சட்டை, வலது பாதி போன் சட்டை. அப்படிப் பெயர் வைத்தது காஜாக்காரி. வெளியே கிளம்பினால் ரோட்டுச் சட்டை, உள்ளே பேசினால் போன் சட்டை என்று டெய்லரக்காதான் பார்த்து எடுத்துக் கையில் கொடுப்பாள். அவருக்கு எது எதுவென்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை. நீட்டிய கையில் சட்டை வந்து விழுந்துவிடும்போது எதற்குத் தெரிய வேண்டும்?

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் தம்பி ஒரு காலை நேரத்தில் முகமெல்லாம் பல்லாக வந்தான்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை பெரிய ஹால் பிடிச்சிருக்கோம். மாமா மேடையில பேசறாரு. எல்லா இடத்துலேருந்தும் ஆளுங்க வர்றாங்க."

"பேசட்டும்" என்றாள் டெய்லரக்கா. அவித்த முட்டையும் ரொட்டியும் எடுத்து வைத்தாள்.

"அங்க ஒரு விஷயம் சொல்லப் போறாரு. அதுல நீயும் இருக்கே."

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் முட்டையை உரித்துக்கொண்டே, முட்டையிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "எவனோ வந்து நம்ம வாசல் போர்ட போட்டோ எடுத்துப் போட்டிருக்கான். ஊருக்கு உபதேசம், வீட்ல பொண்டாட்டி தையல் கடைன்னு. ஆயிரம் பேரு கேக்கறான். பதில் சொல்லணும்ல?"

"சொல்லுங்க. பொண்டாட்டி தைக்கறான்னு சொல்லுங்க."

"விளையாடறியா? கடைய மூடறோம். என் பொண்டாட்டி முழு மனசோட மெஷின விட்டுட்டான்னு மேடையில சொல்றேன். அன்னைக்கே சாயங்காலம் வண்டி வருது. பழைய மெஷின் வாங்கறவர்கிட்ட மாப்ள பேசிட்டான்."

முன்னறையில் ஓவர்லாக் மெஷின் சட்டென்று நின்றது. பல்பு எரியவில்லை, இருந்தாலும் நின்றது.

"யாரு மெஷின யாரு பேசினது?" என்றாள் டெய்லரக்கா.

"அக்கா, நல்லதுக்குத்தான். நீ இனிமே கால மிதிச்சு மிதிச்சு..."

"நீ பேசாதே. நான் உங்க மாமாகிட்ட கேக்கறேன்."

"உக்காந்து சாப்பிடுன்னு சொல்றேன். ராணி மாதிரி வெச்சுக்கறேன்னு சொல்றேன். இதுல என்ன குத்தம்?" என்றார் வீட்டுக்காரர்.

"கால் வலிக்குதுன்னு நான் உங்ககிட்ட எப்பவாவது சொன்னேனா? அந்த ரெண்டு பேரும் எங்க போவாங்க? ஸ்கூல் சட்டைய யாரு முடிக்கறது?"

"பாத்தியா மாப்ள, வீட்டப் பத்தி ஒரு வார்த்தை வந்துதா?"

"வீட்டப் பத்தித்தான் பேசறேன். நாளைக்கு இந்த ஜனங்க வேற ஒருத்தரப் பாக்கப் போயிட்டா?"

"போகமாட்டாங்க."

"டைல்ஸ் கடையும் போகாதுன்னுதான் இருந்தோம்."

சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அந்தப் பேச்ச எடுத்தே, நல்லா இருக்காது. ஞாயித்துக்கிழமையோட சரி. அவ்வளவுதான்."

அவளுக்கு ராணியாக இருக்க ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிற நேரம்தான் அவள் யாருக்கும் பதில் சொல்லாத நேரம். பிள்ளை பெற்ற மாதமும், வீட்டுக்காரர் வேலையை விட்ட வாரமும், எல்லாக் கவலையும் அந்தப் பெடலுக்குத்தான் தெரியும். அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால், அப்புறம் தடுப்புக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் வீட்டில் மிஞ்சும். அதை நினைத்தால் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வானம் மூடிக்கொண்டது. காற்று இல்லை, புழுக்கம். லீவு நாள் என்று பார்க்காமல் காஜாக்காரியும் ஓவர்லாக்கம்மாவும் வந்துவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. சாயங்காலம் வண்டி வருகிறது என்று தெரிந்தும், முடிகிற வரைக்கும் முடிப்போம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே வீட்டுக்காரர் பேச்சைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சட்டை எங்க?" என்று குரல் கொடுத்தார்.

டெய்லரக்கா காலர் தைத்துக்கொண்டிருந்தாள். வளைவு. இதில் நிறுத்தினால் காலர் கெட்டுவிடும். "கம்பியில இருக்கு" என்றாள். எழுந்திருக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படி எழுந்திருக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

அவர் தானே போய் எடுத்தார். மாதக்கணக்கில் பெரும்பாலும் போன் சட்டையையே போட்டுப் போட்டு, அவர் விரல்கள் அந்தப் பக்கத்துக்குத்தான் பழகியிருந்தன. ரோட்டுச் சட்டை கைக்கு வந்திருந்தால்கூடத் தடுமாறியிருப்பார். கைக்கு வாகாக இருந்ததை மாட்டி, பட்டனைப் போட்டு, முடியைக் கோதிக்கொண்டு வெளியே வந்தார்.

பாக்கெட் வலது மார்பில் இருந்தது. டெய்லரக்காவின் கண்ணில் அதுதான் முதலில் பட்டது. காலர் பாதியில் நின்றது.

"என்னங்க, சட்டை..."

"ஒரு வார்த்தை பேசாதே."

"இல்லீங்க, நீங்க போட்டிருக்கற..."

"வாய மூடுன்னேன்ல? கிளம்பற நேரத்துல ஆரம்பிக்காதே. மேடை ஏறி இறங்கற வரைக்கும் உன் குரல் என் காதுல விழக் கூடாது."

வெளியே காரில் இருந்து தம்பி ஹாரன் அடித்தான். அவர் போய்விட்டார்.

ஒன்பதாவது படிக்கிற மகள் நூற்கண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா போன வழியையே பார்த்தாள். "அம்மா, அது போன் சட்டை."

"தெரியும்."

"போன் பண்ணிச் சொல்லவா?"

டெய்லரக்காவே போனை எடுத்து அடித்தாள். மணி போனது. பாதியில் அவர் துண்டித்தார். போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். மறுபடி அடிக்கலாம். தம்பிக்கு அடிக்கலாம். மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டெய்லரக்கா போனை நூல் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து காலரைத் தைத்தாள். அந்த இரண்டாவது தடவை அடிக்காமல் விட்டது அவள் செய்தது. மற்றதெல்லாம் அவர் செய்தது.

மத்தியானம் மகள் போனை மேஜை மேல் துணிக் குவியலில் சாய்த்து வைத்தாள். நாலு பேரும் பார்த்தார்கள். பெரிய மேடை, பின்னால் அவர் முகம் ஆளுயரத்துக்கு. இங்கே படம் எடுப்பது அவர் போன் இல்லை. எடுக்கிறவர்கள் யார் யாரோ, நாலு பக்கத்திலிருந்தும் எடுத்தார்கள்.

"பொம்பள சட்டையோட நிக்கறாரேடி" என்று ஓவர்லாக்கம்மா நெஞ்சில் கைவைத்தாள்.

முதலில் யாருக்கும் படவில்லை. அவர் நன்றாகவே பேசினார். ஒரு தலை, இரண்டு தலை, பாம்பு, உப்பு. கைதட்டல். பிறகு குரலைத் தாழ்த்தி, "எல்லாரும் கேட்டீங்கல்ல? சொல்றேன். என் பொண்டாட்டி முழு மனசோட இன்னைக்கு மெஷின விட்டுட்டா" என்றார். அரங்கம் எழுந்து நின்றது. காஜாக்காரி அழ ஆரம்பித்தாள்.

அப்போதுதான் முன்வரிசையில் ஒரு குரல், குசும்பான குரல்: "தலைவரே, சட்டைய மாத்திப் போட்டுட்டு வந்துட்டீங்களா? அண்ணியோடதா?"

ஒருவன் சிரித்தான். பக்கத்தில் இருந்தவன் பார்த்துவிட்டுச் சிரித்தான். பின்வரிசைக்கு விஷயம் போக நேரம் ஆகவில்லை. வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். கை இடது மார்பைத் தடவியது. அங்கே பாக்கெட் இல்லை.

டெய்லரக்காவுக்குச் சந்தோஷம் வரும் என்றுதான் அவளே எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. அன்று மேஜை மேல் உட்கார்ந்து அழுத ஆள்தான் அங்கே நின்றார். எழுந்து போய் முதுகைத் தடவ வேண்டும்போல் இருந்தது. அடுத்த வார்த்தை வரும் வரைக்கும்தான் அது.

"பாத்தீங்களா?" என்றார் அவர். விரலைச் சட்டையில் குத்திக் காட்டினார். "இதுதான் பொம்பள! எடுத்துக் கையில குடுத்தது அவதான். கடைய மூடச் சொன்னதுக்குப் பழி வாங்கிட்டா. ஊருக்கு முன்னால என்னை நாறடிக்கணும்னு திட்டம் போட்டுக் குடுத்திருக்கா. எதிரி வெளிய இல்லடா, வீட்டுக்குள்ள இருக்கா!"

முழு மனசோடு விட்டுவிட்டாள் என்று சொன்ன வாய் இன்னும் ஆறவில்லை. யாரும் அதைக் கேட்கவில்லை. சிரித்தவர்களே இப்போது கத்தினார்கள்.

கொஞ்ச நேரத்தில் கடை போன் அடித்தது. வாசல் போர்டில் இருந்த நம்பர். டெய்லரக்கா எடுத்தாள். "தையல் கடையா?" என்று மரியாதையாகக் கேட்டது ஒரு குரல். ஆமாம் என்றதும் காது கூசுகிற மாதிரி ஆரம்பித்தது. வைத்தாள். மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை ஓவர்லாக்கம்மா பிடுங்கிக்கொண்டாள். "ஆமாடா, தையல் கடைதான். வாய்க்குத் தையல் போடணும்னா நேர்ல வா, அளவெடுத்துப் போட்டு விடறேன்!" என்று வைத்தாள். மகள் தன் போனில் எதையோ படித்துக்கொண்டே வந்தவள் படிப்பதை நிறுத்திவிட்டாள். "என்ன எழுதியிருக்காங்க?" என்று டெய்லரக்கா கேட்டதும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

தெருவில் இரண்டு பைக் மெதுவாக வந்தது. ஒருவன் நிறுத்தாமலே போர்டைப் படம் பிடித்துக்கொண்டு போனான். நீலச் சட்டை.

காஜாக்காரியின் போனும் அடித்தது. "எங்காளு" என்றாள். அவனும் வீட்டுக்காரர் பேச்சைச் சத்தமாக வைத்துக் கேட்கிற ஆள்தான். உடனே கிளம்பி வா என்று அவன் கத்தியது எல்லோருக்கும் கேட்டது. அவள் மடியில் கிடந்த சட்டையைப் பார்த்தாள், டெய்லரக்காவைப் பார்த்தாள். "பட்டன் பாக்கி இருக்கு, முடிச்சுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனைத் துண்டித்தாள். ஊசியில் நூல் கோக்க முடியாமல் ரொம்ப நேரம் துளையைத் தேடினாள்.

மழை பிடித்துக்கொண்டபோது இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தன, வீட்டுக்காரர் போன காரும் மெஷின் எடுத்துப் போகிற வண்டியும். வண்டிக்காரர் வயதானவர், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வாசல் ஓரமாக ஒதுங்கினார். தம்பி உள்ளே குதித்து வந்தான். திட்டுவான் என்று பார்த்தால் சிரித்தான்.

"அக்கா, வீடியோ எங்கேயோ போயிடுச்சு! இதுவரைக்கும் மாமாவ யாருன்னே தெரியாதவன்லாம் பாக்கறான்!"

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. நனைந்த நீலச் சட்டையோடு நின்றார். தம்பி உள்ளே விளக்குகளைச் சரிசெய்யப் போனதும் தாழ்ந்த குரலில் கேட்டார்: "வேணும்னுதான் செஞ்சியா?"

"எடுத்தது நீங்க."

"நீ சொல்லியிருக்கலாம்."

"சொல்ல வந்தேன். வாய மூடச் சொன்னீங்க. போன் அடிச்சேன், கட் பண்ணீங்க. ரெண்டாவது தடவை நான் அடிக்கல. அது தப்புன்னா அந்த ஒண்ணுதான் என் தப்பு." அவள் அவரையே பார்த்தாள். "நான் எடுத்துக் குடுத்தேன்னு ஏன் சொன்னீங்க?"

"அந்த நேரத்துல வேற என்னத்தச் சொல்றது?" என்றார். குரல் உடைந்தது. ஒரு நிமிஷம் அவர் அவளுடைய பழைய ஆளாக இருந்தார். இன்னும் ஒரு வார்த்தை பேசியிருப்பார் என்றுதான் அவளுக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

"மாமா, வாங்க! சூடு ஆறறதுக்குள்ள லைவ் போயிடணும்" என்றான் தம்பி. "அக்கா, நீயும் வா. மாமா முதல்ல பேசுவாரு. கூப்பிட்டதும் வந்து பக்கத்துல உக்காரு. தலைய குனிஞ்சுக்கோ. தெரியாம பழி வாங்கிட்டேன், கடைய மூடிட்டேன், மன்னிச்சுடுங்கன்னு சொல்லிட்டா போதும். அழுகை வந்தா அடக்காதே."

"அழுதா வெட்டிடமாட்டே?"

"ஏன் வெட்டறேன்? அதுதான் ஓடும்."

"அன்னைக்கு உங்க மாமா அழுததை வெட்டினியே?"

"அது ஆம்பள அழுகைக்கா" என்றான் தம்பி, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

டெய்லரக்கா வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு தடுப்புக்கு அந்தப் பக்கம் போனார். கதவு சாத்திக்கொண்டது. சிவப்பு பல்பு எரிந்தது.

வழக்கப்படி காஜாக்காரி மின்விசிறியை நிறுத்தினாள். மழைச் சத்தத்துக்கு மேலே அவர் குரல் வந்தது. "வணக்கம், வீட்டுக்காரர் பேசுறேன். என் வீட்ல மெஷின் சத்தம் இன்னையோட நின்னுடுச்சு. நீங்களே கேளுங்க. எவ்வளவு அமைதி. இதுதான் குடும்பம்..." நிறுத்தினார், அமைதி கேட்கட்டும் என்று.

டெய்லரக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். மத்தியானம் பாதியில் விட்ட இன்னொரு காலர் ஊசிக்கு அடியில் அப்படியே இருந்தது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். டெய்லரக்கா பெடலை மிதித்தாள்.

பழைய மெஷின். தடதடவென்று தடுப்பே அதிர்ந்தது. உள்ளே குரல் தடுக்கி விழுந்தது. "அது... பக்கத்து வீட்ல..." என்றது. ஓவர்லாக்கம்மா தன் மெஷினையும் ஓட விட்டாள். அது இன்னும் பெரிய சத்தம். காஜாக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு மின்விசிறி சுவிட்சைத் தட்டிவிட்டு, அடுத்த மெஷினில் உட்கார்ந்தாள்.

தம்பி தலையை நீட்டிக் கையை ஆட்டினான், கும்பிட்டான், பல்லைக் கடித்தான். யாரும் நிமிரவில்லை. வண்டிக்காரர் வாசலில் இருந்து எட்டிப் பார்த்து, "ஓடற மெஷின எப்படிங்க தூக்கறது?" என்று தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டு, சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு மழையில் இறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர் கதவில் வந்து நின்றார். கையில் போன், அதில் எழுத்துகள் மேலே மேலே ஓடிக்கொண்டிருந்தன. கோபமாக வந்தவர்தான். மூன்று குனிந்த தலைகளையும் பார்த்ததும் போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"என்ன சத்தம், என்ன சத்தம்னு எல்லாரும் கேக்கறாங்க" என்றார். "நான் என்னன்னு சொல்ல?"

டெய்லரக்கா காலரைத் திருப்பி வைத்து, முனையை ஊசிக்குக் கொண்டுவந்தாள்.

"மெஷின் ஓடுதுன்னு சொல்லுங்க."